பதினொரு முறை சிக்கிய லார்க்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மார்லிஸ் ஹோல்கேட் ஒரு காலணிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெட்டீஸ் சாப்பாட்டுக் கடைக்குள் வந்தாள். கார்வர் ஃபோர்க் ஊரில் ஒரு சங்கதி உண்மையா பொய்யா என்பதை நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. நெட்டீஸ் கடையின் நீள மேசைதான் முடிவு செய்யும். அந்த மேசையில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வேகத்திலேயே அதுவரை எதைப் பேசினார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஒருவன் மட்டும் அடக்க மாட்டாமல் கையைத் துப்பாக்கிபோல் நீட்டி, விரலை மடக்கி, விரல் எங்கோ மாட்டிக்கொண்டதுபோல் முகத்தைச் சுளித்தான். மற்றவர்கள் காப்பிக் கோப்பைக்குள் சிரித்தார்கள்.

வெர்னா ஸ்டோல்ட்ஸும் சிரித்திருப்பாள், சனிக்கிழமையென்றால். முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கடையில் பரிமாறுகிறவள். யாருக்கு முட்டை எப்படி வேகவேண்டும், யார் வீட்டில் யார் தனி அறையில் படுக்கிறார்கள், இரண்டும் அவளுக்கு ஒரே கணக்கில் அத்துப்படி. ஆனால் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் மார்லிஸின் அப்பா எம்மெட் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். விழுந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க இரண்டு வாரமாவது பொறுக்கவேண்டும் என்பது வெர்னாவின் கொள்கை.

மார்லிஸ் நீள மேசையைத் திரும்பிப் பார்க்காமல் நேராக மூலை இருக்கைக்குப் போனாள். அங்கே ஓரின் ஹாஸ்கெல் ஆப்பிள் பை பலகாரத்தை ஓரத்திலிருந்து சிறுகச் சிறுக வெட்டித் தின்றுகொண்டிருந்தார். போலீஸ் தலைவரான ஷெரிப்பின் அலுவலகத்தில் சான்றுப் பொருள் அறையை இருபத்தாறு வருஷம் பூட்டித் திறந்த மனிதர். இப்போது எழுபத்துநாலு வயது. தேவாலயத்துக் காப்பி அண்டாவை யார் தூக்கியது, குதிரைக்கு யார் சாயம் பூசி விற்றது என்று ஊரார் அவரிடம்தான் வருவார்கள். அவரும் அவசரப்படாமல் கேட்பார். அவசரம் முழுவதையும் வெர்னா ஏற்றுக்கொண்டிருந்தாள். காப்பிக் குடுவையோடு அவள் அங்கே போய் நின்றபோது ஓரினின் கோப்பை நிறைந்தே இருந்தது.

"மிஸ்டர் ஹாஸ்கெல், எங்கப்பாவோட துப்பாக்கியை யாரோ கெடுத்திருக்காங்க" என்றாள் மார்லிஸ்.

"உட்காரும்மா" என்றார் ஓரின். "வெர்னா, நீயும் உட்காரு. நின்னு கேட்டா உனக்குக் கால் வலிக்கும்."

லார்க் கைத்துப்பாக்கியின் கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கொரு விதமாக. எம்மெட் ஹோல்கேட் வரைந்த துப்பாக்கி அது. ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் செய்தார்கள். 1986-ல் டேரல் போக் என்ற ஷெரிப் உதவியாளன் நெடுஞ்சாலையோரம் ஒரு திருடனை நிறுத்தினான். டேரலின் லார்க்கில் மூன்றாவது தோட்டா சிக்கிக்கொண்டது. திருடனின் துப்பாக்கியில் எதுவும் சிக்கவில்லை. தொழிற்சாலை வழக்குக்குக்கூட நிற்காமல் கதவைச் சாத்தியது. வேலை போன நூற்று நாற்பது குடும்பங்களும் டேரலின் தம்பி ஹார்லனும் சேர்ந்து ஒரே ஆளைப் பழித்தார்கள். ஹார்லன் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு வருஷமும் அண்ணன் செத்த தேதியில் எம்மெட்டின் தபால் பெட்டியில் ஒரு தோட்டாவைப் போட்டுவிட்டுப் போவான். முப்பத்திரண்டு தோட்டாக்களையும் எம்மெட் தூக்கி எறியாமல் மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தார்.

இதற்கு நடுவே, நின்றுபோன துப்பாக்கிக்கு ரசிகர்கள் முளைத்தார்கள். லார்க் சிக்குமா சிக்காதா என்பதில் மனைவியை விட்டுப் பிரிந்தவர்கூட உண்டு என்று வெர்னா சொல்வாள். கடைசியில் டெக்சஸிலிருந்து ஒரு கம்பெனி, பழையபடி செய்யலாமே என்று வந்தது. எம்மெட் எண்பத்தொரு வயதில் தன் கொட்டகையில் புதிய லார்க் ஒன்றைச் செய்து கொடுத்தார். போன சனிக்கிழமை சுடும் கழகத்தில், ஊரார் முன்னால் ஐந்நூறு தோட்டா சோதனை. நூற்றுப்பதினெட்டில் நிறுத்தினார்கள். அதற்குள் பதினொரு முறை சிக்கியிருந்தது. ஆறாவது முறைக்கே கூட்டம் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டது. "பத்து" என்று எண்ணியவர்களில் வெர்னாவும் இருந்தாள். எம்மெட் எழுந்து காருக்கு நடந்தார். கதவைத் திறக்குமுன் விழுந்தார்.

மார்லிஸ் காலணிப் பெட்டியைத் திறந்தாள். தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கிக்கு அடியில் செருகும் மேகசின் நான்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் எம்மெட் எண் பொறித்திருந்தார்.

"பதினொரு தடவையும் ரெண்டாம் நம்பர், நாலாம் நம்பர் மேகசின்லதான் சிக்குச்சு. வீடியோவுல பார்த்து எழுதி வச்சிருக்கேன். இந்த ரெண்டுலயும் வாயோரத்தை யாரோ குறடு வச்சு நெருக்கியிருக்காங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலுலயும் நானே சுட்டுப் பார்த்தேன், ஒண்ணுகூட சிக்கல. அப்புறம் ரெண்டு மணிக்குத் துப்பாக்கியோட சேர்த்துக் கழகத்து இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டினோம். சனிக்கிழமை எட்டு மணிக்கு வெளிய எடுத்தப்போ எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க."

"சாவி யார் யார்கிட்ட?"

"மூணு பேர். கழகத் தலைவர் ராய்ஸ் பெட்டிங்கர். சோதனையில சுட்ட வெஸ் டாலிவர். காவலுக்கு இருக்கிற ஹார்லன்."

வெர்னா குடுவையை மேசையில் வைத்தாள். "அப்புறம் என்ன யோசனை? ஹார்லன்தான்."

"தோட்டா யாருடையது?" என்றார் ஓரின், வெர்னா பேசாததுபோல்.

"எங்களோடது. அந்த அளவுத் தோட்டாவை முப்பது வருஷமா எந்தக் கம்பெனியும் செய்யல. சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை வச்சு நாங்களே மறுபடி மருந்து நிரப்புறதுதான். ஐந்நூறு எண்ணி வச்சோம். சுட்ட நூத்திப் பதினெட்டுக் கூட்டையும் அவங்க சிரிக்கச் சிரிக்க நான்தான் மண்டி போட்டுப் பொறுக்கினேன். மிச்சம் முந்நூத்தி எண்பத்திரண்டு அப்படியே இருக்கு." அவள் ஒரு வெற்றுக் கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். பித்தளை விளிம்பில் அருகருகே இரண்டு சிறு கீறல்கள். "சுட்ட கூட்டை வெளிய இழுக்கிற கொக்கி போட்ட காயம் இது. பழைய லார்க்ல கொக்கிக்கு ஒரு பல்லுதான். அப்பா புதுசுல ரெண்டாக்கினார். யாருக்கும் சொல்லல. சொன்னா பழசுல குறை இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு."

"ராய்ஸுக்குமா தெரியாது?" வெர்னாவுக்கு நம்ப முடியவில்லை. லார்க்கின் ஒவ்வொரு திருகாணியையும் பற்றி ராய்ஸ் சொன்னதைக் கேட்டபடிதான் அவள் முப்பது வருஷமாக அவருக்குப் பன்றி வறுவல் பரிமாறுகிறாள்.

"யாருக்குமே. எங்கப்பாவுக்கே சந்தேகம், மிஸ்டர் ஹாஸ்கெல். டேரலைக் கொன்னது தன்னோட கொக்கிதான்னு நம்புறார். இல்லப்பான்னு முப்பத்திரண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டிருக்கேன். மகள் சொன்னா அப்படித்தான் சொல்லுவான்னு விட்டுடுவார். டாக்டர் ஒரு வாரம்னு சொல்றாங்க. துப்பாக்கி கெட்டுச்சா விக்குமான்னு எனக்குக் கவலையில்ல. அது சரியான துப்பாக்கிதான்னு அவர் கண்ணை மூடுறதுக்குள்ள ஹார்லன் வாயால கேக்கணும். ஹார்லன் சொன்னாத்தான் நம்புவார்."

ஓரின் கடைசித் துண்டைத் தின்று முடித்தார். "பார்க்கலாம்" என்றார்.

புதன்கிழமை மதியம் கடை மூடியதும் வெர்னா கையில் ஆப்பிள் பை ஒன்றோடு ஓரினின் காரில் ஏறினாள். துப்பறியும் வேலைக்கு வெறுங்கையோடு போனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அவள் அனுபவம்.

ஹார்லன் போக் சுடுதளத்துக்குப் பின்னால், மேட்டுக்கு மறுபுறம், ஒரு வண்டி வீட்டில் இருந்தான். விறகு பிளந்துகொண்டிருந்தவன் இவர்களைப் பார்த்ததும் கோடரியை நிறுத்தவில்லை.

"கிழவன் போயிட்டானா?" என்றான்.

"இன்னும் இல்ல" என்றார் ஓரின்.

"எல்லாத்துலயும் தாமதம் அந்த ஆளு. துப்பாக்கியும் அப்படித்தான்."

வெர்னா ஆப்பிள் பையை நீட்டினாள். அவன் வாங்கி ஒரு கட்டைமேல் வைத்தான்.

"மேகசினை யாரோ நெருக்கியிருக்காங்க ஹார்லன். உன்கிட்ட சாவி இருக்கு."

"இருக்கு. நான் பண்ணியிருந்தா மறைப்பேனா? ஆத்துப் பாலத்துல பேனர் கட்டியிருப்பேன். அதுவும் தவிர, அந்தச் சனியனைக் கெடுக்கணும்னா முதல்ல அது நல்லா இருக்குன்னு நம்பணும். நான் நம்பல. அதுவா சிக்கும்னுதான் ரெண்டு பீர் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது வந்தாங்களா?"

ஹார்லன் கோடரியைச் சாய்த்து வைத்தான். "யாரோ பிஸ்டல் சுட்டாங்க. மேடு மறைக்குது, ஆளைப் பார்க்கல. ஒண்ணு சுடுவான். நிறுத்தம். ரெண்டு சுடுவான். மறுபடி நிறுத்தம். கைநடுக்கம் பிடிச்ச எவனோன்னு நினைச்சேன். பள்ளிக்கூடப் பேருந்து ரோட்டுல போறப்பவும் சுட்டுக்கிட்டே இருந்தான். அப்ப நாலு மணி இருக்கும்."

திரும்பும் வழியில் வெர்னா கொதித்தாள். "பொய் சொல்றான். யாரோ சுட்டாங்களாம், பார்க்கலையாம். சரி, அவன் இல்லைன்னா வெஸ்."

"அந்த மஞ்சள் பேருந்தை யார் ஓட்டுறது வெர்னா?"

வெஸ் டாலிவர் ஏழு வருஷமாக அதைத்தான் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவன் நாற்பது குழந்தைகளைத் திட்டியபடி அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தான். மேட்டுக்கு இந்தப் பக்கம் சுடுகிறவனாகவும் அவனால் இருக்க முடியாது.

"வாயை நெருக்கிவிட்டவன் அது நிஜமா சிக்குதான்னு பார்க்காமப் போவானா?" என்றார் ஓரின். "இந்த ஆட்கள் கதவுக்குப் புதுக் கீல் போட்டாலே பத்துத் தடவை திறந்து மூடிப் பார்க்கிறவங்க. ஒண்ணு சுட்டு நிறுத்தம், ரெண்டு சுட்டு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு சிக்கல்."

அடுத்து ராய்ஸ் பெட்டிங்கரின் கடைக்குப் போனார்கள். ராய்ஸ் எம்மெட்டுக்காக ஊர் முழுக்கச் சண்டை போட்டவர். துப்பாக்கிக் கடையின் பின்னறையில் கண்ணாடிப் பேழைக்குள் பத்தொன்பது பழைய லார்க்குகள், குழந்தைகளைத் தூங்கவைத்ததுபோல் நீல வெல்வெட்டில் கிடந்தன. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்கள் எப்போதும் கொஞ்சம் கலங்கினாற்போலத்தான் இருக்கும்.

"என் இதயமே உடைஞ்சு போச்சு ஓரின். முப்பது வருஷமா சொல்லிக்கிட்டு வர்றேன், லார்க் சிக்காதுன்னு. பாவம், எம்மெட்டுக்கு வயசாயிடுச்சு. கை பழைய கையா இருக்குமா? பழசு பழசுதான். புதுசா எதுக்குச் செய்யணும்?"

"புதுசைச் சுட்டுப் பார்த்தீங்களா?"

"நானா? சனிக்கிழமை வரைக்கும் விரலால தொடலையே. அன்னைக்கும் தொடல. மூக்குக் கண்ணாடி போட்டுத் தூரத்துல நின்னு பார்த்தேன், அவ்வளவுதான்."

வெர்னா மேசைமேல் கிடந்த ஒரு வெற்றுக் கூட்டைப் பொறுக்கிப் பார்த்தாள். ராய்ஸ் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, ஒரு காப்பி டப்பாவுக்குள் போட்டார். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"கோபிச்சுக்காத வெர்னா. லார்க் கூடு ஒண்ணு தொலைஞ்சாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பதினஞ்சு தடவை நிரப்பின கூடெல்லாம் இருக்கு இதுல."

மறுநாள் காலை ஓரின் தட்டில் ஆப்பிள் பை இருந்தது, ஆனால் அவர் யோசனையில் இருந்தார். "ராய்ஸோட அந்தக் கூட்டுக்கு அடியில பச்சையா ஏதோ இருந்துச்சே வெர்னா. பாசியா?"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கிகளுக்கு நடுவிலேயே வேலை பார்த்தும் ஒரு தோட்டாகூடச் சுடாத மனிதர். "பாசியா? நல்லாக் கேட்டீங்க. அது மை. சுடுதளத்துல பத்துப் பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு சுடுவாங்க. எல்லாக் கூடும் தரையில கலந்து கிடக்கும். உன்னோடது என்னோடதுன்னு கைகலப்பு வரும். அதனால மறுபடி நிரப்புறவங்க ஒவ்வொருத்தரும் தோட்டா அடியில ஒரு கலர் பூசுவாங்க. வெஸ் சிவப்பு. ராய்ஸ் பச்சை. எம்மெட் பூசமாட்டார், அவர் பக்கத்துல யார் நின்னு சுடப்போறா? ஹார்லன் நிரப்புறதே இல்ல."

ஓரினின் முள்கரண்டி நின்றது. "ராய்ஸ் எப்பயிருந்து பச்சை?"

"நான் பாவாடை கட்டின காலத்துலயிருந்து. ஏன்?"

அவர் பையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் வெர்னா அதைக் கண்டதில்லை. அன்று மதியம் அவருடைய கார் ஷெரிப் அலுவலக வாசலில் இரண்டு மணி நேரம் நின்றது என்ற தகவல் நாலு மணிக்குள் மூன்று பேர் வழியாக அவளுக்கு வந்துசேர்ந்தது. உள்ளே என்ன நடந்தது என்பது மட்டும் வரவில்லை. அந்த ஏக்கத்தில் வெர்னா இரண்டு தட்டுகளை உடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஓரின் நீள மேசைக்கே போய், எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "மார்லிஸ் மறுபடி ஒரு சோதனை வைக்கணும்ங்கிறா, அப்பா மனசு ஆற. கூடு போதலையாம். உங்ககிட்ட இருக்கிற வெறும் லார்க் கூடு ஏதாவது இரவல் குடுத்தா நல்லது."

எல்லாக் கண்களும் ராய்ஸ் பக்கம் திரும்பின. லார்க்கின் தலைசிறந்த நண்பர், பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேறு என்ன சொல்ல முடியும்?

"என் டப்பாவையே கொண்டுவர்றேன்" என்றார் ராய்ஸ்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மூலை இருக்கையில் ராய்ஸ், வெஸ், ஹார்லன், மார்லிஸ் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஹார்லனை வரவழைத்தது வெர்னாதான். எம்மெட்டைப் பற்றிக் கேவலமான ஒரு சங்கதி வெளியே வரப்போகிறது என்று சொல்லியனுப்பியிருந்தாள். அவன் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டே வந்திருந்தான்.

வெஸ் ஒரு கைப்பிடிக் கூட்டைக் கொடுத்தான். ராய்ஸ் டப்பாவை வைத்தார். ஓரின் அதை வெர்னாவின் வெள்ளைத் தட்டில் கொட்டி, முள்கரண்டியின் காம்பால் ஒவ்வொன்றாகத் திருப்பி, சிலவற்றைத் தனியே ஒதுக்கினார். நீள மேசையும் தின்பதை நிறுத்திவிட்டது.

"இருபத்துமூணு" என்றார் கடைசியில். "ராய்ஸ், இந்த இருபத்துமூணும் உங்களோடதுதானே?"

"பச்சை தெரியுதே. எல்லாம் என்னோடதுதான்."

"எந்தத் துப்பாக்கியில சுட்டது?"

"என் பழைய லார்க்லதான். வேற எதுல சுட முடியும்? கேள்வியைப் பாரு."

"மார்லிஸ், சொல்லும்மா."

மார்லிஸ் ஒரு கூட்டை எடுத்தாள். "பழைய லார்க் விளிம்புல ஒரு கீறல் போடும். இதுல ரெண்டு இருக்கு. அப்பா புதுக் கொக்கிக்கு ரெண்டு பல் வச்சார். ரெண்டு கீறல் போடுற லார்க் உலகத்துலயே ஒண்ணுதான்."

ராய்ஸ் கூட்டைப் பார்த்தார். வெர்னா ராய்ஸைப் பார்த்தாள். அந்த முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, அவமானம். லார்க்கைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இருந்திருக்கிறது.

"சனிக்கிழமை... தரையில கிடந்ததைப் பொறுக்கியிருப்பேன்."

"அன்னைக்குச் சுட்டது நூத்திப் பதினெட்டு. பொறுக்கினது நூத்திப் பதினெட்டு, மார்லிஸ் கையால. அதுல எதுக்கும் அடியில மை கிடையாது. இது உங்க தோட்டா, உங்க பச்சை. சுட்டது எம்மெட்டோட புதுத் துப்பாக்கி. அது இரும்புப் பெட்டிக்குள்ள இருந்திருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. அப்ப வெஸ் பேருந்துல இருந்தான். ஹார்லன்கிட்ட லார்க் தோட்டா ஒண்ணுகூடக் கிடையாது, எம்மெட்டோட ஐந்நூறுல ஒண்ணும் குறையல. வேற எவனா இருந்தாலும் இந்த இருபத்துமூணையும் ஆத்துல வீசியிருப்பான். உங்களால முடியல. ஒரு லார்க் கூட்டைத் தூக்கி எறிய உங்க கை வராது."

"ஏன் ராய்ஸ்?" என்றான் வெஸ். "நீதானே அந்தத் துப்பாக்கிக்குப் பூசாரி மாதிரி இருந்த?"

"அதான் எனக்கும் புரியல, வியாழக்கிழமை வரைக்கும்" என்றார் ஓரின். சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். "இருபத்தாறு வருஷம் நான் பூட்டின அலமாரியில ஒரு சான்றுப் பை இருக்கு. டேரல் துப்பாக்கியில சிக்கின மூணாவது தோட்டா அதுல இருக்கு. கம்பெனித் தோட்டாதான் போடணும்ங்கிறது ஷெரிப் ஆபீஸ் விதி. அதனால யாரும் தோட்டாவைச் சந்தேகப்படல, துப்பாக்கியைச் சந்தேகப்பட்டாங்க. அதோட அடியில இருக்கிற அழுக்கைப் பாசின்னு நினைச்சே நானும் வருஷா வருஷம் பட்டியல்ல டிக் போட்டேன். நான் சுடுற ஆளில்ல. சுடுறவன் எவனும் அந்த அறைக்குள்ள வரல."

படத்தை மேசை நடுவில் வைத்தார். தோட்டாவின் அடியில், மங்கியிருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாத பச்சை.

"கூடு வாய்ப்பக்கம் உப்பியிருக்கு. அந்தத் தோட்டா எந்த நல்ல துப்பாக்கிக்குள்ளயும் போயிருக்காது. எம்மெட்டோட புது லார்க் ஐந்நூறையும் சிக்காமச் சுட்டிருந்தா, அப்புறம் டேரலோடது ஏன் சிக்குச்சுன்னு யாராவது கேட்டிருப்பாங்க. லார்க் நல்ல துப்பாக்கின்னு நீங்க கத்தலாம், ராய்ஸ். அதை நிரூபிக்க மட்டும் விடக் கூடாது."

ராய்ஸ் கூடுகளைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட ஆரம்பித்தார். அது அவர் கைக்குத் தெரியாமலே நடந்தது.

"டேரல்தான் கேட்டான்" என்றார். "நீ நிரப்புறது கம்பெனியைவிட நல்லா இருக்குன்னான். ரெண்டு பெட்டி குடுத்தேன். ஆயிரம் நிரப்பியிருப்பேன், அதுல ஒண்ணு. ஒரே ஒண்ணு. மறுநாள் சொல்லிடலாம்னுதான் போனேன். ஹார்லன் என் தோள்ல விழுந்து அழுதான். அப்புறம் எல்லாரும் லார்க்னு சொல்லிட்டாங்க. நான் எதுவும் சொல்லல. நான் பொய் சொல்லல, யாரும் என்னைக் கேக்கல."

"எங்கப்பாவை எல்லாரும் காறித் துப்பினப்ப பக்கத்துல நின்னீங்களே" என்றாள் மார்லிஸ்.

"பக்கத்துல நின்னேன் இல்ல? வேற யாரு நின்னா?"

இப்போது எல்லோரும் ஹார்லனைப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் ராய்ஸின் எதிரில் உட்கார்ந்து தின்றவன். ராய்ஸ்மேல் பாய்வான் என்று வெர்னா உறுதியாக நம்பி, சுடுகாப்பிக் குடுவையை எட்டத்தில் நகர்த்தி வைத்தாள். அவன் பாயவில்லை. ராய்ஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் ஓரினைத்தான் பார்த்தான்.

"உங்களை யார் இதைக் கேக்கச் சொன்னா?"

"ஹார்லன்," மார்லிஸ் அவன் கையைத் தொட்டாள், "எங்கப்பா இன்னும் உயிரோட இருக்கார். பேச்சு வரல, ஆனா காது கேக்குது. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உன் அண்ணனைத் தன் துப்பாக்கி கொல்லலைன்னு அவர் தெரிஞ்சுக்கணும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அது மட்டும் சொல்லு."

ஹார்லன் கையை உருவிக்கொண்டான். "தினமும் காலையில எழுந்ததும் அந்தக் கிழவனை நினைச்சுத்தான் எனக்கு ரத்தம் ஓடும். முப்பத்திரண்டு வருஷம். அதைப் பிடுங்கிக்கிட்டு, இந்தா, இதுக்குப் பதிலா ராய்ஸை வச்சுக்கோன்னு குடுக்கறீங்க. இவனை எப்படி வெறுக்கிறது? என் கல்யாணத்துக்குத் துணைமாப்பிள்ளையா நின்னவன்." தொப்பியைப் போட்டுக்கொண்டான். "எனக்கு விறகு பிளக்கணும்."

மற்ற சங்கதிகள் விரைவாகவே நடந்தன. திங்கட்கிழமைக்குள் ஷெரிப் ராய்ஸை மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார். முப்பத்திரண்டு வருஷம் பழைய மௌனத்துக்கு எந்தச் சட்டப் பிரிவு என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெஸ் நல்ல மேகசின் இரண்டை வைத்துப் புதிய லார்க்கில் ஐந்நூறு சுட்டான். ஒன்றுகூடச் சிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். போன வாரம் இருநூறு பேர் வந்திருந்தார்கள். டெக்சஸ் கம்பெனி, செய்கிறோம், ஆனால் வேறு பெயரில் செய்கிறோம் என்றது. பதினொரு முறை சிக்கிய வீடியோவை அதற்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துச் சிரித்திருந்தார்களாம். எம்மெட்டின் பெயரும் வேண்டாமாம்.

திங்கட்கிழமை மதியம் வெர்னா மார்லிஸோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூங்கொத்து ஒன்றை எடுத்துப் போனாள். சோதனையன்று கூட்டத்தோடு சேர்ந்து எண்ணிய அந்தப் "பத்து" அவளை இன்னும் விடவில்லை.

எம்மெட் விழித்திருந்தார். மார்லிஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை மை, உப்பிய கூடு, ராய்ஸ், சிக்காத ஐந்நூறு, எதையும் விடவில்லை. அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில் அவள், "உங்க துப்பாக்கி யாரையும் கொல்லலப்பா" என்றாள்.

எம்மெட் நல்ல கையைத் தூக்கி மகளின் தலையில் வைத்தார். இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். இருட்டில் பயந்த குழந்தைக்குச் சும்மா கதை சொல்லித் தூங்கவைக்கும்போது தட்டுவார்களே, அப்படி. பிறகு கையை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெர்னாவால் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போனாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஹார்லனின் பழைய பிக்கப் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் சட்டை மாற்றி, முகம் கழுவி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மார்லிஸ், வந்திருக்கான்" என்றாள் வெர்னா மெதுவாக.

மார்லிஸ் எழவில்லை. எழுந்து போய்க் கூப்பிட்டால் ஓடிவிடுவான் என்று இருவருக்கும் தெரியும். வெர்னா அங்கேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒருமுறை வண்டிக் கதவு திறந்தது. ஒரு பூட்ஸ் கால் தரையைத் தொட்டது. தொட்ட கால் மறுபடி உள்ளே போனது.

நாலு மணிக்கு வண்டி கிளம்பிப் போய்விட்டது. எம்மெட் புதன்கிழமை விடியற்காலை செத்தார். அன்று காலை நெட்டீஸ் கடையில் எல்லோரும், ஹார்லன் கடைசியில் போய்ப் பார்த்தானா என்று வெர்னாவிடம்தான் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள், தனக்குத் தெரியாது என்றாள்.